உங்களுக்குத் தெரியுமா? அடைக்கோழியும் தெர்மாகோல் பெட்டியும்

ஒரு தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, சின்ன ஃபேன், டெம்பரேச்சர் கண்ட்ரோலர். இவ்வளவு இருந்தால் அடைக்கோழி இல்லாத வீட்டிலும் குஞ்சு பொரிக்கலாம். பெட்டி செய்வது எளிது. 21 நாள் பொறுமையாக இருப்பதுதான் கஷ்டம். எப்போது கை வைக்கலாம், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று தெரிந்தவர் வீட்டில்தான் குஞ்சு நிறைய வரும். முட்டை சேர்ப்பது முதல் நலிந்த குஞ்சைத் தேற்றுவது வரை சில துணுக்குகள் இதோ.

அடை வைக்கும் முன்

● கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் குஞ்சு வராது. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் வளரும் முட்டைக்கோழிகளோடு சேவல் இருப்பதில்லை. சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும்; அதில் கரு இருக்காது, அவ்வளவுதான். அடைக்கு, சேவலோடு சேர்ந்து மேயும் கோழியின் முட்டைதான் வேண்டும். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டைகள் என்பது நல்ல கணக்கு.

● சேவலை விற்ற மறுநாளே முட்டை வீணாகிவிடாது. பெட்டைக்கோழியின் முட்டைக் குழாயில் உள்ள நுண்ணிய பைகளில் விந்து தங்கியிருக்கும். ஒரு முறை சேவல் மிதித்தால் 10 முதல் 14 நாள் வரை கருவுள்ள முட்டை வர வாய்ப்புண்டு. இதற்கு மறுபக்கமும் உண்டு. பெருவிடைச் சேவலைப் புதிதாக வாங்கி விட்டிருப்பவர், அதன் குஞ்சுதான் வேண்டுமென்றால் 3 வாரமாவது கழித்து முட்டை சேர்ப்பது நல்லது. அதற்கு முன் வருபவை பழைய சேவலின் வாரிசுகளாகவும் இருக்கலாம்.

● முட்டை வெளியே வரும்போதே உள்ளிருக்கும் கருவுக்கு ஒரு நாள் வயதாகிவிடுகிறது. கோழியின் வயிற்றில் ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அந்த உடல்சூட்டிலேயே கரு பல்லாயிரம் செல்களாகப் பிரிந்துவிடும். வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நின்றுவிடும். இரண்டு வாரமாக ஒவ்வொன்றாக இட்ட முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதன் ரகசியம் இதுதான். கோழி அடைக்கு உட்கார்ந்த நாளே எல்லா முட்டைக்கும் முதல் நாள்.

● முட்டையைச் சேர்த்து வைக்க 7 நாள்தான் கெடு. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு குறையும். 12 முதல் 18 டிகிரி செல்சியஸ் சூடு இதற்கு ஏற்றது. சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி இருக்கும்போது, கரு உறங்கவும் முடியாமல் ஒழுங்காக வளரவும் முடியாமல் செத்துப்போகும். ஈர மணல் மேல் மண்பானையை வைத்து அதற்குள் முட்டையை அடுக்குவது இதற்கு நல்ல வழி. கூர்முனை கீழே, அகலமான முனை மேலே இருக்கட்டும்.

● ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 10,000 நுண்துளைகள் உண்டு. 60 கிராம் எடையுள்ள முட்டை, குஞ்சு பொரிப்பதற்குள் அந்தத் துளைகள் வழியாகச் சுமார் 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது. சுமார் நாலரை லிட்டர் கரியமில வாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது. பெட்டியில் காற்றோட்டத் துளை போடாமல் சூடு வெளியேறுகிறது என்று அடைத்து வைத்தால், கடைசி வாரத்தில் குஞ்சு மூச்சு முட்டிச் சாகும்.

● அடை முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கிருமி அந்தத் துளைகள் வழியே நுழையாமல் தடுப்பது அதுதான். எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவிப் பளபளப்பாக்குவதைவிட, சுத்தமான முட்டையாகப் பொறுக்கி வைப்பது மேல். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

● அடைக்கூடையில் இரும்புத் துண்டு, கரி, வரமிளகாய் போடுவது நம் கிராமத்து வழக்கம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்ற பயம்தான் காரணம். கூமுட்டைக்கு இடியைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. முட்டையில் கரு இல்லாதது, நாள்பட்ட முட்டையை வைத்தது, கோழி அடிக்கடி எழுந்து போய்ச் சூடு தவறியது ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

● அடைக்கு 9, 11, 13 என்று ஒற்றைப்படையில் முட்டை வைப்பார்கள். எண்ணிக்கையில் ஒற்றையோ இரட்டையோ, கோழியின் நெஞ்சுக்கும் சிறகுக்கும் அடியில் முழுதாக அடங்க வேண்டும் என்பதே முக்கியம். நாட்டுக்கோழிக்கு 10 முதல் 12 முட்டை சரி. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் முட்டை ஒன்று என்றால் கெடுவது ஒன்று மட்டுமல்ல. கோழி முட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு முட்டையும் முறைவைத்து வெளியே வந்து ஆறும்.

21 நாள் கணக்கு

● ஃபேன் வைத்த இன்குபேட்டரில் 37.5 டிகிரி. ஃபேன் இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.5 டிகிரி அளவில் இருக்க வேண்டும். காற்று சுழலாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு இருக்கும். அதனால் சென்சார் எங்கே தொங்குகிறது என்பதைப் பொறுத்தே பலன். பெட்டியின் கூரையில் சென்சாரை ஒட்டிவிட்டுக் கணக்கு சரியாக இருக்கிறது என்று நினைத்தால், கீழே முட்டைகள் குளிரில் கிடக்கும்.

● சூடு கொஞ்சம் குறைந்தால் குஞ்சு தாமதமாகப் பொரிக்கும். கூடினால் செத்துப்போகும். 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் போனாலே ஆபத்து. தப்பிப் பிழைத்தாலும், முந்திப் பொரித்து, தொப்புள் மூடாத நலிந்த குஞ்சாக வரும். பெட்டியை ஜன்னல் வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

● கரண்ட் போய்விட்டதா? பதற வேண்டாம். அடைக்கோழியே இரை எடுக்கவும் எச்சமிடவும் தினமும் 15, 20 நிமிடம் எழுந்து போகிறது. சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். பெட்டியைத் திறக்காமல், மேலே கம்பளி போர்த்தி வைக்கலாம். நேரம் நீண்டால் வெந்நீர் பாட்டில் ஒன்றை உள்ளே வைக்கலாம். கடைசி வாரத்து முட்டைகள் சொந்தமாகவே சூடு உண்டாக்கும். அப்போது காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

● ஒற்றைப்படை உண்மையிலேயே உதவும் இடம் முட்டையைத் திருப்புவதில்தான். முட்டையைத் திருப்பாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கையால் திருப்புகிறவர்கள் தினமும் 3 அல்லது 5 முறை திருப்பினால், நீண்ட இரவில் முட்டை ஒரே பக்கம் கிடக்காமல் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் அடையாளம் போடுங்கள். பேனா மை துளை வழியே உள்ளே போகலாம்.

● 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். எளிய வழி: முதல் நாள் 10 முட்டைகளைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 400 கிராம் இருந்தால் 18ஆம் நாளில் 350 கிராம் பக்கத்தில் நிற்க வேண்டும். 370 என்றால் பெட்டிக்குள் ஈரம் அதிகம். உள்ளே நீர் தங்கிக் குஞ்சு ஊதிப்போய்க் கொத்த இடமில்லாமல் திணறும். 340 என்றால் ஈரம் போதாது. சவ்வு காய்ந்து இறுகும்.

● முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் போதும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். தண்ணீர்த் தட்டே தேவைப்படாத நாட்களும் உண்டு. தாராபுரம் பக்கத்துக் காய்ந்த காற்றில் தட்டு கட்டாயம். ஈரம் கூட வேண்டுமென்றால் ஆழமான டம்ளர் உதவாது. அகலமான தட்டு வேண்டும். ஆவியாவது நீரின் மேற்பரப்புதானே.

● 7ஆம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகல முனையில் செல்போன் டார்ச்சை அழுத்திப் பிடியுங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால்களைப் போலச் செந்நரம்புகள் பரவியிருந்தால் கரு உயிரோடு இருக்கிறது. மஞ்சளாக வெளிச்சம் பாய்ந்தால் கருவில்லாத முட்டை. நரம்புகள் மறைந்து ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால், கரு தொடங்கிப் பாதியில் செத்துவிட்டது. இவ்விரண்டையும் எடுத்துவிடலாம். அழுகிய முட்டை வெடித்தால் மற்றவையும் கெடும்.

● கருவின் இதயம் இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடும். இதைக் கவனித்தவர்களில் முன்னோடி கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். அடை முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்து, வெள்ளைக்கருவில் ஒரு ரத்தப் புள்ளி உயிருள்ளதாகத் துடிப்பதை எழுதிவைத்தார்.

உலகம் முழுக்க அடை

● எகிப்தியர்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக மண் அடுப்புகளில் குஞ்சு பொரித்துவருகிறார்கள். இரண்டு அடுக்கு அறைகள். மேல் அடுக்கில் வைக்கோலும் சாண எருவும் கனன்றுகொண்டிருக்க, கீழ் அடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டைகள். அவர்களிடம் தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்து மூடிய கண் இமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார்கள். பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் 1749இல் குஞ்சு பொரிக்கும் கலை பற்றித் தனி நூலே வெளியிட்டு ஐரோப்பாவில் இந்த முறைக்கு விளம்பரம் தேடித்தந்தார்.

● வங்கதேசத்தில் வாத்து முட்டை பொரிக்க நெல் உமியும் மண்ணெண்ணெய் விளக்குமே போதும். சூடேற்றிய உமி நிரம்பிய உருளைக் கூடைகளில் முட்டைகளைப் பொதிந்து வைப்பார்கள். உமி சூட்டைப் பிடித்துவைக்கும். அங்கே கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன!

● மனிதர் அடை உட்கார முடியுமா? பிரெஞ்சுக் கலைஞர் ஆபிரகாம் புவான்ஷவால் 2017இல் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில், கண்ணாடி அறைக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு மூன்று வாரத்துக்கும் மேலாக முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். 10 முட்டையில் 9 பொரித்தன. பல அடைக்கோழிகளே வெட்கப்பட வேண்டிய கணக்கு!

● 1989இல் டிஸ்கவரி விண்கலத்தில் 32 கோழி முட்டைகள் விண்வெளிக்குப் போய் வந்தன. கிளம்பும்போது 9 நாள் வளர்ந்திருந்த முட்டைகளில் குஞ்சு வந்தது. 2 நாள் மட்டுமே வளர்ந்திருந்தவற்றில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அடையின் முதல் வாரத்தில் கரு எவ்வளவு மென்மையானது என்பதற்கு இதைவிட உயரத்தில் ஆதாரம் கிடைக்காது.

● எல்லா முட்டைக்கும் 21 நாள் இல்லை. காடைக்கு 17 அல்லது 18, கினிக்கோழிக்கு 26 முதல் 28, வாத்துக்கும் வான்கோழிக்கும் 28, மணிலா வாத்துக்கு 35. ஒரே பெட்டியில் கோழி முட்டையையும் வான்கோழி முட்டையையும் சேர்த்து வைக்க விரும்பினால், வான்கோழி முட்டையை ஒரு வாரம் முந்தி வைத்தால் இரண்டும் சேர்ந்து பொரிக்கும்.

ஓட்டுக்குள்ளிருந்து

● குஞ்சின் எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் சுமார் 80 சதவீதம் முட்டை ஓட்டிலிருந்து எடுத்தது. ஓட்டை உள்பக்கமிருந்து கரைத்து எலும்பாக்கிக்கொள்கிறது. இதில் இரட்டை லாபம்: எலும்பு கெட்டிப்படுகிறது, உடைக்க வேண்டிய ஓடும் மெலிகிறது.

● குஞ்சின் அலகு நுனியில் வெள்ளையாக ஒரு சிறு முள் இருக்கும். ஓட்டை உடைப்பதற்கென்றே முளைத்தது. பொரித்த சில நாளில் தானே உதிர்ந்துவிடும். பிடரியில் ஒரு தசையும் இந்த வேலைக்காகவே பருத்து, வேலை முடிந்ததும் வற்றிவிடும். புதுக்குஞ்சின் பிடரி வீங்கியிருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை.

● பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பே குஞ்சு முட்டைக்குள்ளிருந்து கத்தத் தொடங்கும். தாய்க்கோழியும் அடியில் கிடக்கும் முட்டையோடு மெல்லக் கொக்கரித்துப் பேசும். காடைகளில் இது இன்னும் ஒரு படி மேல். பக்கத்து முட்டையின் 'டிக் டிக்' சத்தம் கேட்டுப் பின்தங்கிய குஞ்சு வேகம் பிடிப்பதை 1960களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

பொரிக்கும் வேளை

● 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள். ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். பிறகு மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு முறை திறந்தால் ஈரக்காற்று மொத்தமும் வெளியேறிவிடும். ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கும் குஞ்சைச் சுற்றிச் சவ்வு காய்ந்து இறுகிக்கொள்ளும். ஆர்வத்தில் பார்த்துப் பார்த்தே குஞ்சைக் கொல்வது இப்படித்தான்.

● முதல் விரிசலுக்கும் வெளியே வருவதற்கும் நடுவே 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். இந்த நேரத்தில் குஞ்சு அசையாமல் கிடப்பது களைப்பால் மட்டுமல்ல. உள்ளே இரண்டு பெரிய வேலைகள் நடக்கின்றன: சவ்வு நரம்புகளில் ஓடும் ரத்தம் உடம்புக்குத் திரும்புகிறது, மீதி மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இவை முடிந்த பிறகே குஞ்சு சுற்றி வந்து ஓட்டைத் தொப்பியாக வெட்டித் தள்ளும். இதற்கு நடுவில் பிரித்தெடுத்த குஞ்சு ரத்தம் சிந்திச் சாகும்.

● அப்படியானால் எப்போது உதவலாம்? விரிசல் விழுந்து 24 மணி நேரம் தாண்டியும் துளை விழாமல், சத்தமும் ஓய்ந்துகொண்டே வந்தால். அல்லது உள்சவ்வு வெள்ளையாகக் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிப்போயிருந்தால். கையைக் கழுவிக்கொண்டு, அகல முனையில் காற்றறைக்கு மேலே உள்ள ஓட்டை மட்டும் பொடிப்பொடியாக எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் சவ்வை ஈரமாக்குங்கள். மூக்குத் துளைக்குள் நீர் போகக் கூடாது. ஈரமானதும் சவ்வு கண்ணாடியாகத் தெளியும், நரம்பு தெரியும். செந்நரம்பில் ரத்தம் ஓடினால் அங்கேயே நிறுத்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். நரம்பு வெளிறியிருந்தால் அலகையும் தலையையும் விடுவிக்கலாம். மிச்ச ஓட்டைக் குஞ்சே உதைத்துத் தள்ளட்டும்.

● கூர்முனைப் பக்கம் விரிசல் விழுந்தால் குஞ்சு தலைகீழாகக் கிடக்கிறது. காற்றறை மறுபக்கம் இருப்பதால் அதற்கு மூச்சுக்கு வழி குறைவு. அலகுக்கு நேரே கடுகளவு துளை ஒன்று போட்டுக் காற்று கிடைக்கச் செய்துவிட்டு, மற்றபடி மேலே சொன்ன பொறுமைதான். அடைக்கு வைக்கும்போதே கூர்முனை மேலே இருந்த முட்டைகளில் இந்தத் தொல்லை அதிகம்.

● வெளியே வந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கரு துருத்திக்கொண்டிருந்தால் வெட்டவோ உள்ளே அழுத்தவோ கூடாது. சுத்தமான ஈரத் துணி விரித்த கிண்ணத்தில் உட்காரவைத்து, இன்குபேட்டர் சூட்டிலேயே வையுங்கள். பல குஞ்சுகளில் ஒரு நாளைக்குள் உள்ளே போய்விடும். மூடாத தொப்புளில் நீர்த்த பீட்டாடின் ஒரு சொட்டு வைப்பது கிருமியைத் தடுக்கும்.

நலிந்த குஞ்சு

● பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி தேவையில்லை. உள்ளே இழுத்த மஞ்சள்கரு 2 முதல் 3 நாள் வரை தாங்கும். அமெரிக்காவில் 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளைத் தபாலில் அனுப்புவது இந்தத் தைரியத்தில்தான். ஈரக் குஞ்சை வெளியே எடுத்துத் துவட்டாதீர்கள். இன்குபேட்டரிலேயே உலர்ந்து பஞ்சாகும் வரை விட்டுவிடுங்கள்.

● துவண்டு கிடக்கும் குஞ்சுக்கு முதலில் சூடு, பிறகே தண்ணீர், கடைசியில்தான் தீனி. சில்லிட்ட குஞ்சுக்கு ஊட்டினால் செரிக்காது. உடம்பு சூடானதும், வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான நீரைச் சொட்டு மருந்துக் குழாயில் எடுத்து, அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வையுங்கள். அதுவாக நக்கி விழுங்கும். வாயைத் திறந்து உள்ளே பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். நிற்கத் தொடங்கியதும் வேகவைத்த மஞ்சள்கருவை உதிர்த்துக் கொடுக்கலாம்.

● கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்க முடியாமல் சறுக்குகிறதா? செய்தித்தாள் விரித்த வழுக்கும் தரை இதற்கு முக்கியக் காரணம். பேண்ட்-எய்டை நீளவாக்கில் பாதியாக வெட்டி, பஞ்சுப் பகுதி நடுவில் வருமாறு இரு கணுக்காலையும் சேர்த்து ஒட்டுங்கள். கால்களுக்கு நடுவே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். கோணிச் சாக்கு விரித்த தரையில் விட்டால் சில நாளில் தேறிவிடும். முதல் இரண்டு, மூன்று நாளுக்குள் கட்டினால்தான் பலன். எலும்பு முற்றிய பிறகு பயனில்லை.

● விரல்கள் உள்பக்கமாக மடங்கிக் கணுக்காலால் நடந்தால் அது ரிபோஃபிளேவின் எனும் பி2 வைட்டமின் பற்றாக்குறையாக இருக்கலாம். குஞ்சுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து கொடுக்கலாம். குறை பெரும்பாலும் தாய்க்கோழியின் தீனியில் இருக்கும். அடைத்துவைத்து வெறும் தானியம் போடுகிறவர்கள் முருங்கைக்கீரை, அகத்திக்கீரை கட்டித் தொங்கவிட்டால் அடுத்த அடையில் வித்தியாசம் தெரியும்.

● தலை பின்பக்கமாகத் திருகி வானத்தைப் பார்த்தால் வைட்டமின் ஈ அல்லது பி1 குறைவு ஒரு காரணம். சில வாரம் வளர்ந்த குஞ்சில் இதே திருகல் வெள்ளைக்கழிச்சல் நோயின் அறிகுறியாகவும் இருக்கும். சந்தேகம் வந்தால் அந்தக் குஞ்சைத் தனியே பிரித்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

● குஞ்சின் பின்புறம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டால் ஒரே நாளில் செத்துப்போகலாம். பிய்த்து எடுத்தால் தோலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து, உலர்த்தி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தொப்புள் வேறு, எச்சத் துவாரம் வேறு. வயிற்றின் நடுவே காய்ந்திருக்கும் பொருக்கைத் தொடாதீர்கள்.

● குஞ்சுப் பெட்டியில் தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சூட்டைச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் குளிர். சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெக்கை. பரவலாகப் படுத்தும் கொத்தியும் இருந்தால் சரி. முதல் வாரம் 35 டிகிரியில் தொடங்கி, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். நலிந்த குஞ்சுகள் நெரிசலில் அடியில் சிக்கிச் சாவது குளிர் இரவில்தான் அதிகம்.

● தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழ நீரில்கூட நலிந்த குஞ்சு முகம் குப்புற விழுந்து எழ முடியாமல் மூழ்கும்.

● தனிக் குஞ்சு ஓயாமல் கத்தும். அந்தக் கத்தலிலேயே களைத்துப்போகும். நலிந்ததைப் பிரித்து வைக்க வேண்டியிருந்தால், சாந்தமான இன்னொரு குஞ்சைத் துணைக்கு விடுங்கள். இன்குபேட்டர் குஞ்சைத் தாய்க்கோழியோடு சேர்க்க நினைத்தால், அதன் குஞ்சும் அதே வயதாக இருக்கும்போது, இருட்டிய பிறகு அதன் சிறகுக்கடியில் மெல்லத் தள்ளிவிடுங்கள். பகலில் விட்டால் கொத்தித் துரத்த வாய்ப்புண்டு.

● பொரித்த குஞ்சு முதலில் பார்க்கும் அசையும் பொருளின் பின்னால் ஓடும். அது உங்கள் காலாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் டக்ளஸ் ஸ்பால்டிங், குஞ்சுகளின் கண்ணை முகமூடியால் மறைத்துவைத்துச் சோதித்து 1873இல் இதை எழுதினார். வாத்துகளை வைத்து இதைப் பிரபலமாக்கிய கான்ராட் லாரன்ஸுக்கு 1973இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

● குஞ்சுக்குக் காசில்லாத புரதம் கரையான். பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு நிரப்பித் தண்ணீர் தெளித்து, கரையான் புற்றுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் பானை நிறையக் கரையான் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் திரும்பிவிடும். மந்தமாக நிற்கும் குஞ்சும் நெளியும் இரையைக் கண்டால் கொத்தப் பழகும்.

● பாடுபட்டுத் தேற்றிய குஞ்சைக் கூண்டோடு வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். முதல் வாரத்தில், 5 முதல் 7 நாள் வயதில், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து. 8 வார அளவில் ஊசி. 1932 முதல் இயங்கிவரும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இந்த மருந்தைத் தயாரிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்துக் கிருமியை வளர்ப்பதும் அடை முட்டைக்குள்தான்.

பொரிக்காத முட்டை

● 10 வைத்து 8 பொரித்தால் வீட்டுப் பெட்டிக்கு அது நல்ல கணக்கு. மீதி இரண்டைக் குப்பையில் எறியும் முன் உடைத்துப் பாருங்கள். அடையில் கரு அதிகம் சாகும் கட்டங்கள் இரண்டு: முதல் வாரமும் கடைசி மூன்று நாளும். முதல் வாரத்திலேயே நின்றிருந்தால் நாள்பட்ட முட்டை, போக்குவரத்தில் குலுங்கியது, தொடக்கத்தில் சூடு தவறியது என்று யோசியுங்கள். முழுக் குஞ்சாக வளர்ந்து, அலகை வெளியே நீட்டாமல் செத்திருந்தால் ஈரப்பதத்தையும் காற்றுத் துளையையும் சோதியுங்கள். கரு ஓட்டில் ஒரு பக்கமாக ஒட்டிக் கிடந்தால் திருப்பியது போதவில்லை. 22 நாள் தாண்டியும் சத்தமில்லாத, கையில் எடுத்தால் களக் களக்கென்று ஆடும் முட்டையை மட்டும் வீட்டுக்குள் உடைக்காதீர்கள். கொல்லைப்பக்கம் கொண்டுபோய், பையில் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உடைக்கவும். உள்ளே கட்டியிருக்கும் வாயு சட்டையெல்லாம் தெறிக்கும்.